வீட்டுக்கல்வி: ஒருவருக்கு வேண்டும், ஒருவருக்கு வேண்டாம் என்றால் என்ன செய்வது?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று கணவனோ மனைவியோ பேச்செடுத்தால், பல வீடுகளில் அது மாதக்கணக்கில் இழுக்கும். ஒருவர் வாட்ஸ்அப்பில் காணொளிகளாக அனுப்புவார். மற்றவர் திறந்தே பார்க்கமாட்டார். கடைசியில் ஒருவர் சலித்துப்போய் "என்னமோ பண்ணு" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிசி வாங்கிவிடுவார்கள். அங்கேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் வசிக்கும் ஒரு குடும்பம், இருவருக்கும் ஒத்த கருத்து இல்லாத நிலையில், எந்த வரிசையில் எதைச் செய்தால் உறவும் பிள்ளையின் படிப்பும் கெடாது என்பதற்கான வழிமுறை மட்டும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: கீழே 6ஆம் படி முடிந்து, இருவரும் தாளில் கையெழுத்துப் போடும்வரை டிசிக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

1. சண்டை எதைப் பற்றி என்று பிரியுங்கள்

ஆளுக்கொரு தாள். தனித்தனியாக உட்கார்ந்து, இந்த ஐந்து கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: இப்போதைய பள்ளியில் எது பிடிக்கவில்லை? வீட்டில் படித்தால் எது கெட்டுப்போகும் என்று பயம்? யார் வேலையைக் குறைக்க வேண்டும்? மாதம் எவ்வளவு குறையும்? எது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். அன்றைக்கே பேச வேண்டாம், ஒரு நாள் விடுங்கள்.

வீட்டுக்கல்வி பற்றிய சண்டை என்று நினைத்தது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் அடிக்கிறார், வேனில் ஒன்றரை மணி நேரம் போகிறது, வீட்டுப்பாடம் எழுதியே பிள்ளை தூங்கிவிடுகிறது என்பதுதான் முதல் கேள்விக்குப் பதில் என்றால், பள்ளியை மாற்றினாலே போதும். தருமபுரி நாகர்கூடலில் உள்ள புவிதம், திருவண்ணாமலையில் உள்ள மருதம் பண்ணைப் பள்ளி போன்ற மாற்றுப் பள்ளிகளையும் நேரில் போய்ப் பாருங்கள். வேண்டாம் என்பவரும் கூட வர வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். அப்பா ஆசைப்பட்டு அம்மா வேலை பார்ப்பதுதான் பல வீடுகளில் வீட்டுக்கல்வியாக இருக்கிறது. அம்மா மறுப்பது கல்விமுறையை அல்ல, தன் தலையில் விழப்போகும் முழுநேர வேலையை. அதைக் கொள்கை விவாதமாக்கினால் எத்தனை மாதம் பேசினாலும் முடியாது.

2. சட்டம் பற்றி இருவரும் ஒரே தகவலை வைத்துக்கொள்ளுங்கள்

வேண்டாம் என்பவர் "போலீஸ் வரும்" என்பார். வேண்டும் என்பவர் "முழுக்கச் சட்டப்படி சரி" என்பார். இரண்டும் சரியில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன் 10ஆம் பிரிவு பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. அதைச் செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்விக்கு வெளிப்படையான அனுமதியும் இல்லை. பதிவு செய்ய ஓர் அலுவலகமும் இல்லை. எனவே "வீட்டுக்கல்விக்கு அரசு அனுமதி எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திரும்பிப் போகும் வழியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 4ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. தயங்குகிற துணைவரிடம் முதலில் காட்ட வேண்டியவை இந்த இரண்டும்தான்.

நடைமுறையில் ஒன்று உண்டு. பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு நடத்துகிறது. வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் வீட்டுக்கு வரலாம், போனில் விசாரிக்கலாம். கதவைத் திறப்பவர் எதிர்க்கருத்துள்ள துணைவராக இருந்து, "எனக்கு இஷ்டமே இல்லை, அவங்கதான் நிறுத்திட்டாங்க" என்று சொன்னால் அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். அதில் தவறில்லை, அது அவர்கள் வேலை. பிள்ளை என்ன படிக்கிறது என்ற கோப்பைக் காட்டி மரியாதையாகப் பேசினால் போதும். ஆனால் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

3. பிள்ளையின் வயதை வைத்துக் கதவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

வாக்குவாதத்தில் பாதி, "பத்தாவது எப்படி எழுதுவான்?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாததால் வருகிறது. இதோ வழிகள்.

*ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு.* திரும்பிச் சேர்ப்பது எளிது. சோதித்துப் பார்க்க உகந்த காலம் இது. ஒரு விதிவிலக்கு: தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இலவச ஒதுக்கீட்டில் பிள்ளை படிக்கிறது என்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு மறுபடி பெறலாம் என்று எண்ண வேண்டாம். தொடக்க வகுப்பில்தான் அந்தச் சேர்க்கை.

*ஆறாம் வகுப்பு.* அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் கோடு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, கல்லூரியில் படிக்கும்போது கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆகியவை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததை வைத்தே கிடைக்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டுக்கும் பள்ளி தரும் தமிழ்வழிச் சான்று தேவை. வீட்டில் தமிழிலேயே படித்தாலும் அந்தச் சான்றைத் தர ஆளில்லை. இந்தச் சலுகைகள் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், வேண்டாம் என்பவர் பக்கம் கனமான நியாயம் இருக்கிறது. அதை மழுப்பாதீர்கள்.

*எட்டாம் வகுப்பு.* அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிரம்பியவர் எழுதலாம். பள்ளிக்கே போகாதவரும் எழுதலாம். விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் சேவை மையம் வழியாக. அறிவிப்பு நாளிதழ்களில் வரும், விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு.

*பத்தாம் வகுப்பு.* இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, மாநிலப் பாடத்திட்டத்தில் நேரடித் தனித்தேர்வர். இதில் பலர் விழும் குழி அறிவியல் செய்முறை. செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கும் பள்ளிக்குப் போய் வர வேண்டும். எழுத்துத் தேர்வு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போச்சு.

மற்றொன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது, பன்னிரண்டுக்கு 15. ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியிலும் எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். சேர்க்கை ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பத்து முடித்ததும் அடுத்த ஆண்டே பன்னிரண்டை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முழுச் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு இடைவெளி கேட்பார்கள்.

என்.ஐ.ஓ.எஸ். பன்னிரண்டாம் வகுப்பை வைத்து நீட் எழுதலாம். மாநில அரசு வேலைக்கு அந்தச் சான்றின் சமநிலை குறித்துத் தமிழ்நாட்டில் கேள்வி எழுந்ததுண்டு. அரசு வேலை குடும்பத்தின் கனவாக இருந்தால், அன்றைய அரசாணையைப் படித்த பிறகே இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யையும் தனித்தேர்வராக எழுத முடியும், ஆனால் பாடத்துக்குப் பாடம் பல ஆயிரங்கள் ஆகும். செலவைப் பார்த்துத் தயங்கும் துணைவரிடம் இதை முதல் வழியாக எடுத்துவைக்காதீர்கள்.

4. பணக் கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

"பள்ளிக் கட்டணம் மிச்சம்" என்ற ஒற்றை வரி கணக்கு அல்ல. ஓர் உதாரணம்: பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 60,000, வேன் 15,000 மிச்சம். மாதம் 30,000 சம்பளம் வாங்குபவர் வேலையை விடுகிறார் என்றால் போவது 3,60,000. ஆக நிகர இழப்பு 2,85,000. பி.எஃப்., பதவி உயர்வு, மறுபடி வேலை தேடும் சிரமம் இதில் சேரவில்லை. வேலையை விடுபவர் பெயரில் மாதாமாதம் எவ்வளவு போடுவது என்பதும் இந்தத் தாளில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மூன்று ஆண்டு கழித்து வரும் சண்டை இதைவிடப் பெரியது.

மறந்துபோகும் இரண்டு கணக்குகள்: பழைய வருமான வரி முறையில் பள்ளிக் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு, வீட்டுக்கு வரும் டியூஷன் ஆசிரியருக்குக் கிடையாது. மத்திய அரசு ஊழியர் வாங்கும் குழந்தைக் கல்விப்படிக்குப் பள்ளியின் சான்று வேண்டும், அதுவும் நின்றுபோகும்.

பாடப்பொருள் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. மாநிலப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசம், அச்சுப் புத்தகம் பாடநூல் கழகத்தில் கிடைக்கும். மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி, மாவட்ட மைய நூலகம் எல்லாம் இலவசம் அல்லது சொற்பம். என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புச் சேர்க்கைக் கட்டணம் ஐந்து பாடத்துக்கு 2,000 ரூபாயை ஒட்டி வரும், தேர்வுக் கட்டணம் பாடத்துக்குத் தனி. உண்மையில் பணம் கரைவது வகுப்புகளில். நீச்சல், சிலம்பம், கீபோர்டு, ரோபோட்டிக்ஸ் என்று சேர்த்துக்கொண்டே போனால் பள்ளிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு எழுதிவிடுங்கள்.

5. வேலையைப் பங்கிடுங்கள்

வேண்டும் என்பவருக்கே வேலையில் பெரும்பங்கு. இதில் சமரசம் கூடாது. ஆசைப்படும் அப்பா வாரத்தில் பத்து மணி நேரமாவது பிள்ளையோடு உட்கார முடியாது என்றால், அவர் கேட்பது வீட்டுக்கல்வி அல்ல, மனைவிக்கு இன்னொரு வேலை.

உட்கார்ந்து படிக்கும் நேரம் ஆறேழு வயதில் ஒன்றரை மணி போதும், பத்து வயதில் இரண்டரை முதல் மூன்று மணி. ஆனால் பெரியவருக்கு ஆகும் நேரம் அதைப் போல இரண்டு மடங்கு. தயாரிப்பு, வெளியே கூட்டிப்போதல், பதிவெழுதுதல் எல்லாம் உண்டு. இதையும் தாளில் மணிக்கணக்கில் காட்டுங்கள்.

எதிர்க்கும் துணைவரை என்ன செய்வது? அவர் எந்தப் பாடத்தில் பயப்படுகிறாரோ அதை அவரிடமே கொடுங்கள். கணக்கில் பின்தங்கிவிடும் என்பவர் சனி ஞாயிறு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித்தரட்டும். செய்யவே கூடாத ஒன்று, அவரைத் தேர்வு அதிகாரி ஆக்குவது. ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டு, பிள்ளை திணறியதும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளை பத்தே நாளில் புரிந்துகொள்ளும், தான்தான் இந்தச் சண்டையின் சாட்சி என்று. கேள்வி கேட்கும் நாட்கள் 6ஆம் படியில் உள்ள மூன்று மட்டுமே என்று முடிவு செய்துவிடுங்கள்.

6. சோதனைக் காலத்தை எழுதி வையுங்கள்

பள்ளியை விடாமலேயே ஏப்ரல் இறுதி முதல் மே வரையுள்ள கோடை விடுமுறையில் நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, வாரம் ஐந்து நாள். விடுமுறையில் தெருவெல்லாம் பிள்ளைகள் இருப்பதால் தனிமை தெரியாது. ஆகவே இது பிள்ளைக்கான சோதனை அல்ல. சொல்லித்தருபவர் பொறுமை எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கத்தான். நான்கு வாரத்தில் எட்டு நாள் விட்டுப்போனது என்றால், ஓர் ஆண்டு நடக்காது.

தாங்கினால் ஒரு கல்வியாண்டுக்கு ஒப்பந்தம். ஒரே பக்கம் போதும், இவை இருக்க வேண்டும்:

- தொடக்க நாள், முடிவு நாள். ஜூன் முதல் மார்ச் 15 வரை. முடிவு மார்ச்சிலேயே தெரிய வேண்டும், ஏனென்றால் தனியார் பள்ளிச் சேர்க்கை ஏப்ரலுக்குள் நிரம்பிவிடும்.
- மூன்று ஆய்வு நாட்கள்: செப்டம்பர் இறுதி, டிசம்பர் இறுதி, மார்ச் முதல் வாரம். முதல் இரண்டும் பள்ளியின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக் காலத்தோடு ஒத்துப்போகும்.
- எதை வைத்து அளப்பது: அந்த வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பார்க்காத ஒரு பக்கத்தை உரக்கப் படித்தல், பத்து வரி சொந்தமாக எழுதுதல், கணக்குப் புத்தகப் பயிற்சியில் இருபது கணக்கு, ஆங்கிலத்தில் ஒரு பத்தி. இருவரும் சேர்ந்து இருந்து பார்க்க வேண்டும்.
- வாரம் எத்தனை மாலை மற்ற பிள்ளைகளோடு விளையாட்டு, எங்கே என்பது.
- நிறுத்தும் நிபந்தனைகள். உதாரணம்: அடுத்தடுத்து இரண்டு ஆய்வில் வாசிப்பு முன்னேறவில்லை, பிள்ளையே பள்ளிக்குப் போகக் கேட்கிறது, சொல்லித்தருபவர் உடல்நிலை கெடுகிறது.
- ஆய்வு நாட்களுக்கு இடையே இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. உறவினர் முன்னால் எடுக்கவே கூடாது.

இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. நீதிமன்றத்தில் செல்லும் ஆவணம் அல்ல இது. ஆனால் "நீதானே ஒத்துக்கிட்டே", "நான் எப்போ ஒத்துக்கிட்டேன்" என்ற இரண்டு வாக்கியங்களை வீட்டிலிருந்து வெளியேற்றிவிடும்.

பிள்ளையிடம் என்ன கேட்பது? "அம்மா சொல்றது சரியா, அப்பா சொல்றது சரியா" என்று கேட்காதீர்கள். பள்ளியில் எது பிடிக்கும், எது பிடிக்காது, யாரைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று கேட்டால் தேவையான பதில் வந்துவிடும்.

7. டிசி வாங்கும் முன் ஆவணங்கள்

பள்ளியில் இருக்கும்போதே இவற்றை முடித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் "படிக்கிற பள்ளியில் கையெழுத்து வாங்கி வாங்க" என்பார்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் ஏராளம். அடுத்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முன்னெழுத்து முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் தனித்தேர்வு விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டிசி அச்சாகும் முன் திருத்தச் சொல்லுங்கள்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். பின்னாளில் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை இங்கே பள்ளியில் படிக்காதவரிடம் பிறப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி) கேட்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணைத் தனியாக எழுதி வாங்குங்கள். பள்ளி டிசி கொடுத்ததும் பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும், அங்கிருந்துதான் அடுத்த பள்ளி எடுக்கும். மாற்றவில்லை என்றால் பின்னால் சேர்க்கும்போது "பழைய பள்ளியிலேயே இருக்கிறது" என்று காட்டும். கடைசி ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

ஆண்டு நடுவில் வெளியேறாதீர்கள். கட்டிய கட்டணம் திரும்பாது, பாக்கி இருந்தால் டிசி இழுபடும். முழுஆண்டுத் தேர்வு எழுதி, தேர்ச்சி போட்ட டிசியாக வாங்குவதே நல்லது. காரணம் கேட்டால் "பெற்றோர் விருப்பம்" போதும், வாசலில் நின்று கல்விமுறை பற்றி விவாதிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். பள்ளி கேட்காவிட்டாலும் போடுங்கள்.

8. மாமியார், மாமனார், அத்தை, சித்தப்பா

இருவரும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்: "இந்த வருஷம் வீட்டுல பாக்குறோம், மார்ச்சுல முடிவு பண்ணுவோம்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள், வேலை இருப்பவர் குறை சொல்வது குறையும். எதிர்க்கும் துணைவர் தன் அம்மாவிடம் புலம்பி ஆதரவு திரட்டுவதும், ஆதரிப்பவர் தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பதும் ஒப்பந்த மீறல்தான்.

9. கடைசிவரை ஒத்துவராவிட்டால்

பள்ளியே தொடரட்டும். ஒருவர் மனமில்லாமல் ஒத்துக்கொண்ட வீட்டுக்கல்வியில் படிப்பு நடப்பது அபூர்வம். டியூஷனை நிறுத்திவிட்டு மாலை ஒரு மணி நேரத்தையும் சனிக்கிழமையையும் உங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கல்வியில் தேடுவதில் பாதி அதிலேயே கிடைக்கும். அடுத்த மார்ச்சில் மறுபடி பேசலாம்.

தனியாகப் போய் டிசி வாங்குவது, துணைவருக்குத் தெரியாமல் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது இரண்டும் கூடாது. பிரிந்து வாழ்பவர்களுக்கும், விவாகரத்து வழக்கில் இருப்பவர்களுக்கும் இது இன்னும் ஆபத்து. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற காவல் உரிமை தொடர்பாகக் குடும்ப நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, 13ஆம் பிரிவும் அதையே முதன்மை என்கிறது. ஓடிக்கொண்டிருந்த பள்ளியை ஒருவர் தானாக நிறுத்தினார் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு லட்டு. இடைக்கால உத்தரவு எதுவும் இருந்தால், முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முன் சமரசப் பேச்சும் அங்கே நடத்தித் தருவார்கள்.

10. நிறுத்திவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும்போது

மார்ச் ஆய்வில் நிறுத்துவது என்று முடிவானால், "நான் அப்பவே சொன்னேன்" என்பதைச் சொல்லாமல் இருப்பது எதிர்த்தவரின் பங்கு. அலைவது ஆதரித்தவரின் பங்கு.

அருகிலுள்ள அரசு அல்லது உதவி பெறும் பள்ளித் தலைமையாசிரியரை முதலில் பாருங்கள். பழைய டிசி, எமிஸ் எண், ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், நான்கு புகைப்படம் போதும். வயதுக்கேற்ற வகுப்பு என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்க விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தனியார் பள்ளிகளில் ஒரு வகுப்பு கீழே போடச் சொல்வார்கள், சிலர் நுழைவுத் தேர்வும் வைப்பார்கள். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது என்றாலும், சண்டை போட்டுச் சேர்த்த பள்ளியில் பிள்ளைதான் தினமும் உட்கார வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்த்த கோப்பை, குறிப்பாக மூன்று ஆய்வுத் தாள்களை, எடுத்துப்போய்க் காட்டினால் பெரும்பாலும் வகுப்பு கீழே போகாது. மூல டிசியைக் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்கிவிடுங்கள்.